எபிசோட் 37: கதையை யார் சொல்றது?

(ஒலி எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

சேத்தியாத்தோப்புல இருந்து பேசறேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க. விருத்தாசலம் - சிதம்பரம் ரோட்டுப் பக்கத்துல உக்காந்து ரெக்கார்ட் பண்ணா அப்படித்தான்.

கதை எழுதறதைப் பத்தின இந்த வரிசையில தொடக்கம், உரையாடல், இடம்னு மூணு விஷயம் பாத்துட்டோம். இன்னைக்கு நாலாவது: பார்வைக் கோணம். அதாவது, கதையை யார் கண்ணு வழியா சொல்றது?

இதை இன்னைக்கு எடுக்கக் காரணம், சிதம்பரத்துல படிக்கிற ஒரு நேயர் அனுப்பின கேள்வி. அவங்க வளையமாதேவியைப் பத்தி ஒரு சிறுகதை எழுதிக்கிட்டு இருக்காங்க. நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன். 2023 ஜூலை 26ஆம் தேதி, சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்துல இருக்கிற வளையமாதேவியில, என்எல்சி சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ன நெற்பயிருக்குள்ள இயந்திரங்கள் இறங்குச்சு. இது பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தின நிலம், பயிர் வைக்க வேண்டாம்னு சொல்லியிருந்தோம்னு நிறுவனம் சொன்னது. இழப்பீடும் வேலையும் நியாயமா வந்து சேரலன்னு விவசாயிகள் சொன்னாங்க. வழக்கு ஐகோர்ட் வரைக்கும் போச்சு. பச்சைப் பயிர் மேல இயந்திரம் ஏறுற வீடியோவைத் தமிழ்நாடே பாத்தது.

நேயரோட கேள்வி இதுதான்: "முதல்ல ஒரு விவசாயி 'நான்'னு சொல்ற மாதிரி எழுதினேன். மேடைப் பேச்சு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் 'அவர்'னு மாத்தி எழுதினேன். செய்தி மாதிரி ஆயிடுச்சு. எது சரி?"

நல்ல கேள்வி. நேரா பதில் சொல்லிடலாம், ஆனா கொஞ்சம் சுத்திப் போனா நிறைய கிடைக்கும். நம்ம ஊரைச் சுத்தியே அதுக்கான பாடம் எல்லாம் கிடக்கு. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில், எல்லா திசையிலயும் போய்ட்டு வருவோம்.

சொல்லை மாத்தினா கோணம் மாறிடுமா?

கதை எழுதக் கத்துக்கொடுக்கிற புத்தகங்கள்ல பொதுவா மூணு வகை சொல்வாங்க. தன்மை, அதாவது "நான்". முன்னிலை, "நீ". படர்க்கை, "அவன், அவள், அவர்". படர்க்கையிலயே ரெண்டு உண்டு. எல்லாம் தெரிஞ்சவரா இருந்து, எல்லார் மனசுக்குள்ளயும் போய் வர்றது ஒண்ணு. ஒரே ஆளோட தோள்ல உக்காந்துக்கிட்டு, அந்த ஆளுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றது இன்னொண்ணு.

இந்தப் பட்டியல் தப்பில்ல. ஆனா இதை வச்சுக்கிட்டுக் கதை எழுத உக்காந்தா, நம்ம நேயருக்கு நடந்தது நடக்கும். ஒரு சின்ன சோதனை பண்ணிப் பாப்போம்.

"வரப்பில் நின்றேன். மண் ஈரமாக இருந்தது. தூரத்தில் இயந்திரச் சத்தம் கேட்டது."

இதுல "நின்றேன்" இருக்கிற இடத்துல "நின்றார்" போடுங்க. என்ன மாறுச்சு? ஒண்ணும் மாறல. கம்ப்யூட்டர்ல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் குடுத்த மாதிரிதான். இப்ப இன்னொரு வரி சேர்க்கிறேன்.

"அந்தச் சத்தம் தன் வயலுக்குத்தான் வருகிறது என்பது அவருக்கு இன்னும் தெரியாது."

இப்ப மாறிடுச்சு. அவருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றவருக்குத் தெரியுது. நமக்கும் தெரிஞ்சுபோச்சு. அவர் நிம்மதியா நிக்கிறார், நமக்கு வயித்தைக் கலக்குது. இதே இடத்தை அவர் தோள்ல உக்காந்து சொன்னா, நமக்கும் தெரியாது. அவரோட சேர்ந்து நாமும் திடுக்கிடுவோம்.

ஆக, இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா, சொல்றவருக்கு எது தெரியாதுன்னு முடிவு பண்றது. "நானா அவரா" ங்கற கேள்வி அதுக்கப்புறம்தான்.

என் தொழில்ல இருந்து ஒரு உதாரணம். சாஃப்ட்வேர் கம்பெனிகள்ல ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னா, மறுநாள் என்ன நடந்ததுன்னு ஒரு அறிக்கை எழுதுவோம். கோட் எழுதினவர் ஒண்ணு சொல்வார், ராத்திரி ஷிஃப்ட்ல இருந்தவர் ஒண்ணு சொல்வார், கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கினவர் ஒண்ணு சொல்வார். மூணு பேரும் பொய் சொல்லல. ஒவ்வொருத்தருக்கும் ஸ்க்ரீன்ல வேற வேற பகுதிதான் தெரிஞ்சது. அறிக்கையில மூணையும் சேர்த்து ஒரு முழு உண்மையை எழுதணும். கதையில அப்படி எழுதினா கதை செத்துப்போகும். ஒருத்தரோட ஸ்க்ரீனைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரியாத பகுதியை இருட்டாவே விடணும்.

கல்கி விளக்கை அணைத்த இடம்

எல்லாம் தெரிஞ்சு சொல்றதுன்னா தமிழ்ல முதல்ல ஞாபகம் வர்றது "பொன்னியின் செல்வன்". 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில தொடரா வந்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு வீராணம் ஏரிக்கரையில வந்தியத்தேவன் குதிரையில வர்றதுதான் தொடக்கம். நம்ம ஏரி. இன்னைக்கு எந்த ஏரித் தண்ணி நம்ம ஊர் வழியா சென்னைக்குப் போகுதோ, அதே ஏரி.

கல்கியோட சொல்லிக்கு எல்லாம் தெரியும். வாசகரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார், சோழ நாட்டுக்கும் இலங்கைக்கும் நினைச்ச நேரத்துல தாவுவார். கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, அவர்கிட்ட அட்மின் பாஸ்வேர்டு இருக்கு. ஆனா அட்மின் பாஸ்வேர்டு இருக்குங்கறதுக்காக எல்லா ஃபைலையும் திறந்து காட்டல. அதுதான் கெட்டிக்காரத்தனம்.

முதல் நாள் ராத்திரியே பாருங்க. கடம்பூர் மாளிகையில சிற்றரசர்கள் கூடி ரகசியமா பேசறாங்க. கல்கி நினைச்சிருந்தா நேரா அந்தக் கூட்டத்துக்குள்ள போயிருக்கலாம். போகல. வந்தியத்தேவனை ஒளிஞ்சிருந்து கேக்க வைக்கிறார். ஏன்னா வந்தியத்தேவன் இந்த நாட்டுக்குப் புதுசு. யார் யாருக்கு என்ன பகைன்னு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் தெரிஞ்சுக்கிற வேகத்துலதான் நாமும் தெரிஞ்சுக்கிறோம். அவ்வளவு பெரிய கதையில, அத்தனை பாத்திரங்கள் இருந்தும், வாசகர் வழி தவறாம போறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னும் முக்கியமான இடம் ஆதித்த கரிகாலன் சாகற இடம். அதுவும் கடம்பூர் மாளிகைதான். வந்தியத்தேவன் அங்கயே ஒளிஞ்சிருக்கான். ஆனா சரியா அந்த நேரத்துல விளக்கு அணைஞ்சு இருட்டாயிடுது. கொன்னது யாருன்னு உறுதியா சொல்லாமலே கல்கி நாவலை முடிச்சுட்டார். எழுபது வருஷம் கழிச்சும் சனங்க டீக்கடையில சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்கன்னா, எல்லாம் தெரிஞ்ச சொல்லி அந்த ஒரு நிமிஷம் தெரியாதவரா இருக்கத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம்.

இதே கொலையைப் பத்தி இன்னொரு சாட்சியும் நம்ம பக்கத்துல உண்டு. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜன் காலத்தது. கொலையில சம்பந்தப்பட்ட சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர்களைச் சொல்லி, அவங்க உறவுக்காரங்க சொத்துகளைப் பறிக்கிறதைப் பத்திப் பேசுது. அங்க சொல்றது அரசு. அரசுக்கு யாருங்கறதும் சொத்தும் போதும். எதுக்காகங்கறது அதோட கோணத்துல வரவே இல்ல. அரசு இருட்டா விட்ட அந்தப் பகுதிக்குள்ளதான் ஒரு நாவலே நுழைஞ்சது.

தமிழ் தர்ற ஒரு சிக்கல், ஒரு வசதி

இங்கிலீஷ்ல எழுதற புத்தகங்கள் சொல்லாத ஒரு விஷயம் நமக்கு இருக்கு. அங்க படர்க்கைன்னா ஆம்பளைக்கு ஒரு சொல், பொம்பளைக்கு ஒரு சொல், முடிஞ்சது. நமக்கு அவன், அவர், அவள், அவங்க. ஒவ்வொரு தடவையும் மரியாதை அளந்து போட்டாகணும். வினைமுற்றுலயும் அது ஒட்டிக்கும்.

அதனால தமிழ்ல நடுநிலையான படர்க்கைன்னு ஒண்ணு கிடையாது. "அதிகாரி வந்தார். அறுபது வயசு கூலிக்காரன் எழுந்து நின்னான்." எழுதினவர் எதையும் விமர்சிக்கல, கருத்து சொல்லல. ஆனா சொல்றவர் எந்தத் தெருவுல இருந்து வர்றார்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. அது தெரிஞ்சே செஞ்சதா இருந்தா, அதாவது அப்படிப் பார்க்கிற ஒருத்தர்தான் கதை சொல்றார்னு வச்சிருந்தா, அது கோணம். கை பழக்கத்துல விழுந்ததுன்னா, அது எழுதினவரோட கோணம் கதைக்குள்ள கசிஞ்சது. உங்க கதையை எடுத்து, யாருக்கு "ர்" போட்டிருக்கீங்க, யாருக்கு "ன்" போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவை மட்டும் பாருங்க. நிறைய தெரியவரும்.

வசதி என்னன்னா, நாம், நாங்கள். ரெண்டு தனித்தனிச் சொல். "நாம்"னா கேக்கறவரும் உள்ள. "நாங்கள்"னா கேக்கறவர் வெளிய. ஊரே சேர்ந்து சொல்ற மாதிரி ஒரு கதையை "நாங்கள்"னு ஆரம்பிச்சா, முதல் சொல்லுலயே வாசகர் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறார். "உங்களுக்கு இது புரியாது, ஆனாலும் சொல்றோம்"ங்கற தொனி தானா வந்துடும். "நாம்"னு எழுதினா வாசகருக்கும் பொறுப்பு வந்துடும். ஒரு சொல் வித்தியாசத்துல இவ்வளவு வேலை நடக்குது.

ஒரே சம்பவம், ரெண்டு கோணம்: ஜெயகாந்தன்

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம். ஒரு எழுத்தாளர் தன் கதையைத் தானே கோணம் மாத்தி மறுபடி எழுதினா என்ன ஆகும்? அப்படி எழுதினவர் நம்ம மாவட்டத்துக்காரர். 1934ல கடலூர் மஞ்சக்குப்பத்துல பிறந்த ஜெயகாந்தன்.

1966ல ஆனந்த விகடன்ல "அக்கினிப் பிரவேசம்" வந்தது. மழை நாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு காலேஜ் பொண்ணு. ஒரு பெரிய கார் வந்து நிக்குது, ஒருத்தன் ஏறிக்கச் சொல்றான். அவ ஏறறா. அந்தக் காருக்குள்ள அவ வாழ்க்கை மாறிடுது. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றா. அம்மா முதல்ல அடிக்கிறாங்க, கதறுறாங்க. அப்புறம் அக்கம்பக்கத்துக்குத் தெரியாம மறைச்சு, பொண்ணு தலையில தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, நீ சுத்தமாயிட்டேன்னு சொல்றாங்க. தலைப்புல ராமாயணத்து நெருப்பு. கதையில தண்ணி. சீதையைச் சோதிச்ச நெருப்புக்குப் பதிலா, ஒரு தாய் ஊத்தற தண்ணி.

கதை வந்ததும் பெரிய புயல். எப்படி ஒரு தாய் இப்படிச் செய்யலாம்னு கோபப்பட்டவங்க நிறைய.

இதை யார் சொல்றாங்கன்னு பாருங்க. படர்க்கை. சொல்லி கொஞ்சம் உயரத்துல இருக்கார். பொண்ணைப் பாக்கிறார், காருக்குள்ள இருக்கிறவனைப் பாக்கிறார், அம்மாவைப் பாக்கிறார். முடிவு எடுக்கிறது அம்மா. பொண்ணு அந்த முடிவை வாங்கிக்கிறா. நமக்கு அழுகை வருது, அம்மா மேல மரியாதை வருது. ஆனா ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. அந்தப் பொண்ணு என்ன நினைச்சா? அடுத்த நாள் காலையில? பத்து வருஷம் கழிச்சு? அந்த உயரத்துல இருந்து அது தெரியாது.

ஜெயகாந்தன் அந்தக் கேள்விக்குத் திரும்பி வந்தார். "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவல். 1972ல சாகித்திய அகாதமி விருது வாங்கினது. இதுல அந்தப் பொண்ணுக்கு கங்கான்னு பேர். சொல்றது கங்கா. "நான்."

ஒரு விஷயத்தை அவர் தலைகீழா மாத்தினார். கதையில அம்மா மறைச்சாங்க. நாவல்ல அம்மாவால மறைக்க முடியல. விஷயம் வெளிய தெரிஞ்சுடுது, அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துறான். மாமா தயவுல படிச்சு, வேலைக்குப் போய், கெட்டுப்போனவங்கற பட்டத்தோட வாழறா. அப்படி இருக்கும்போது ஆர்.கே.வி.ங்கற எழுத்தாளர் எழுதின ஒரு சிறுகதையைப் படிக்கிறா. அந்தக் கதைதான் "அக்கினிப் பிரவேசம்". தன் வாழ்க்கையில நடந்தது, ஆனா அம்மா வேற மாதிரி நடந்துக்கிட்ட கதை.

இதை யோசிச்சுப் பாருங்க. ஊரே பேசின தன் கதையை எடுத்து, அந்தக் கதையோட நாயகி கையிலயே குடுத்துப் படிக்கச் சொல்றார். மேல இருந்து சொன்ன சொல்லியை, கீழ இருந்து அனுபவிச்சவ முன்னாடி நிக்க வைக்கிறார்.

கோணம் மாறினதும் என்னென்ன மாறுச்சு? முதல்ல, அந்த ஆள். சிறுகதையில சொல்லிக்கு அவன்கிட்டயும் போக முடிஞ்சது. நாவல்ல பிரபுவை கங்காவோட கண்ணு வழியாத்தான் தெரியும். அவ பாக்காத பிரபு நமக்குக் கிடையாது. ரெண்டாவது, அம்மா. கங்கா அம்மா மேல கசப்பா இருக்கா. ஆனா அவ சொல்ற விவரங்கள்லயே, அந்த விதவைத் தாயோட பயமும் கையாலாகாத்தனமும் நமக்குத் தெரிஞ்சுடுது. சொல்றவளுக்குத் தெரியாதது, அவ சொல்லு வழியாவே வாசகருக்குத் தெரியுது. "நான்"னு எழுதறதோட பெரிய பலம் இதுதான். மனசைக் கொட்டறதுக்கு அதை எடுக்காதீங்க. சொல்றவர் தாண்டிப் பாக்க முடியாத ஒரு சுவரைக் கட்டி, வாசகரை எட்டிப் பாக்க விடறதுக்கு எடுங்க.

மூணாவதுதான் பெரிசு. தீர்ப்பு. சிறுகதை "மன்னிக்கணுமா, கூடாதா"ன்னு நம்மைக் கேக்க வச்சது. கங்கா பேச ஆரம்பிச்சதும், என்னை மன்னிக்கிறதுக்கு நீங்க யாருங்கற கேள்வி வந்துடுது. சம்பவம் அதேதான். கேள்வி வேற.

சிறுகதை தப்பு, நாவல் சரின்னு சொல்ல வரல. தண்ணி ஊத்தற அந்த இடம் அவ்வளவு வலுவா நிக்கிறதுக்கு அந்த உயரம் வேணும். கங்கா "நான்"னு சொல்லியிருந்தா அந்தக் காட்சி அம்மாவோடதா இருந்திருக்காது. எதைக் கேக்கணும்னு இருக்கோ, அதுக்கேத்த இடத்துல நிக்கணும், அவ்வளவுதான்.

சந்தேகம் வேணும்னா

கடலூர்ல இன்னும் கொஞ்சம் இருப்போம். திருப்பாதிரிப்புலியூர்ல 1906ல பிறந்தவர் புதுமைப்பித்தன். அவரோட "காஞ்சனை" கதையில சொல்றது "நான்", ஒரு எழுத்தாளர். தூக்கம் வராத ஆள். வீட்டுக்கு வேலைக்காரியா ஒரு பொண்ணு வர்றா, ராத்திரியில என்னென்னவோ நடக்குது. பேயா, பிரமையா? அந்த ஆளுக்கே நிச்சயமா தெரியாது. இதையே எல்லாம் தெரிஞ்ச சொல்லி சொன்னா, பேய் இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சும் மறைச்சா வாசகருக்குக் கோபம் வரும். "நான்"னு வச்சதால மறைக்கிறதுக்கு நியாயம் கிடைச்சுது.

அதே புதுமைப்பித்தன் "செல்லம்மாள்" எழுதும்போது படர்க்கைக்குப் போய், நோயாளி மனைவியைப் பாத்துக்கிற கணவரோட தோள்லயே உக்காந்துடறார். செல்லம்மாள் இறந்துட்டாங்கன்னு கதை தொடக்கத்துலயே தெரிஞ்சுடும். அங்க மர்மம் தேவையில்ல. அந்த மனுசன் கஷாயம் வைக்கிறது, பக்கத்துல உக்காந்திருக்கிறது, இதைப் பக்கத்துல இருந்து பாக்கணும். அவ்வளவு பக்கம் போனா போதும், மனசுக்குள்ள புகுந்து துக்கத்தைத் தோண்ட வேண்டாம்னு நிறுத்திக்கிட்டார்.

சிதம்பரத்துல வாழ்ந்த மௌனி "அழியாச்சுடர்"ல இன்னொரு வழி காட்டறார். "நான்" ஒரு நண்பனைப் பாக்கப் போறார், அந்த நண்பன் தன் அனுபவத்தைச் சொல்றான். கதைக்குள்ள கதை. அனுபவிச்சவன் ஒருத்தன், கேட்டவன் இன்னொருத்தன். நடுவுல இருக்கிற அந்த இடைவெளியிலதான் புரியாத தன்மையே பிறக்குது.

பேசாதவரைச் சுத்தி

இப்ப விருத்தாசலம் பக்கம். இமையத்தோட "செல்லாத பணம்". 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். ரேவதின்னு ஒரு இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ, தீக்காயத்தோட ஜிப்மர்ல கிடக்கிறா. வெளிய அப்பா, அம்மா, சொந்தக்காரங்க, மத்த நோயாளிகளோட குடும்பங்கள் காத்துக்கிட்டு இருக்காங்க. பேசிக்கிட்டே இருக்காங்க. அந்தப் பேச்சு வழியாத்தான் ரேவதியோட வாழ்க்கையில பெரும்பகுதி நமக்கு வருது.

நியாயமா பாத்தா ரேவதிதானே சொல்லணும்? கங்காவுக்குக் குடுத்த "நான்" இவளுக்கு ஏன் இல்ல? எனக்குப் பட்டதைச் சொல்றேன். கல்யாணத்துக்கு முன்னாடியும் அவளை யாரும் கேக்கல, பின்னாடியும் கேக்கல. எல்லாரும் அவளைப் பத்திப் பேசறாங்க. நாவலும் அதே மாதிரி கட்டப்பட்டிருக்கு. அவ குரல் இல்லாததை நாம கவனிக்கணும், கவனிச்சுத் தவிக்கணும். ஒருத்தருக்குக் கோணம் குடுக்காம விடறதும் ஒரு தேர்வுதான். ஆனா அந்த வெற்றிடம் வாசகருக்கு உறுத்தணும். உறுத்தலன்னா, நீங்க அவளை மறந்துட்டீங்கன்னு அர்த்தம்.

வளையமாதேவி வயலுக்கு

இப்ப நேயரோட கேள்விக்கு வரலாம். "நான்"னு எழுதினா மேடைப் பேச்சு, "அவர்"னு எழுதினா செய்தி. ஏன்? ரெண்டுலயும் சொல்றவருக்கு எல்லாம் தெரியும். யார் பக்கம் நியாயம், என்ன நடக்கப்போகுது, இதுக்கு என்ன அர்த்தம், எல்லாமே தெரியும். இருட்டே இல்ல.

அதனால வரப்புல யார் யார் நின்னாங்கன்னு கற்பனை பண்ணி, ஒவ்வொருத்தருக்கும் எது தெரியாதுன்னு கேப்போம்.

நிலத்துக்காரர். பல வருஷம் முன்னாடி அண்ணன் என்ன பேப்பர்ல கையெழுத்துப் போட்டார், எவ்வளவு வாங்கினார், அது இவருக்கு முழுசா தெரியாதுன்னு வச்சுக்கோங்க. இப்ப மேடைப் பேச்சு வராது. நிறுவனத்து மேல இருக்கிற கோபமும் அண்ணன் மேல இருக்கிற சந்தேகமும் ஒரே நெஞ்சுல.

பொக்லைன் ஓட்டறவர். வேற மாவட்டம். ஆனா அவரும் விவசாயக் குடும்பம். கேபின்ல இருந்து பாத்தாலே பயிருக்கு எத்தனை நாள்னு சொல்லிடுவார். இந்த வயல் யாரோடதுன்னு மட்டும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்னு நினைக்கிறார். அந்த "வேண்டாம்"லதான் கதை.

நிறுவனத்துல வேலை பாக்கிற ஒரு இளைஞர். தாத்தா காலத்துல நிலம் போய், அதுக்கு வேலை வந்த குடும்பம். அந்த வேலைலதான் இவர் படிச்சார். வீடியோவை போன்ல பாக்கிறார். லைக் போடறதா வேண்டாமான்னு தெரியல.

ஊர், "நாங்கள்". கோபம் நல்லா வரும். ஆனா ஜாக்கிரதை. "நாங்கள்"ங்கற சொல்லுக்குள்ள பட்டாதாரரும் குத்தகைக்காரரும் கூலிக்காரரும் ஒண்ணா ஆயிடுவாங்க. அவங்க நஷ்டம் ஒண்ணு கிடையாது.

கடைசியா, அந்த நாத்தை நட்ட அம்மா. அவங்க பேர்ல நிலம் இல்ல. சர்வே நம்பர் தெரியாது. பட்டியல்ல பேர் வராது. ஆனா அந்த வயலைக் குனிஞ்சு, கையால, சாண் சாணா தொட்டது அவங்கதான். இவங்ககிட்ட யாரும் மைக் நீட்ட மாட்டாங்க. என்னைக் கேட்டா நான் இவங்க தோள்ல உக்காருவேன். "நான்"னு எழுத மாட்டேன், படர்க்கையில, "அவங்க"ன்னு, ரொம்பப் பக்கத்துல. காரணம் சொல்றேன். இது நடந்த விஷயம். அதுல நிஜமா இழந்தவங்க நம்ம பக்கத்துலதான் இருக்காங்க, நாளைக்கு அதே பஸ்ல ஏறுவாங்க. அவங்க "நான்"ஐ எடுத்துப் பேச, போய் உக்காந்து நிறைய கேட்டிருக்கணும். கேக்காம எழுதினா, சொல்லு அவங்களோடதா இருக்கும், யோசனை நம்மளோடதா இருக்கும். படர்க்கையில எழுதும்போது குறைஞ்சபட்சம், நான் வெளிய இருந்து பாக்கிறேன்னு ஒத்துக்கிற நேர்மை இருக்கு. யாரையும் அடையாளம் தெரியற மாதிரி எழுதாதீங்க, பேரை மட்டும் மாத்தினா போதாது.

நீங்க வேற முடிவுக்கு வரலாம். பொக்லைன்காரர்தான் சரின்னு தோணினா அதையே எழுதுங்க. ஆனா எழுதறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கோங்க.

ஒண்ணு: இந்தக் கதையில சொல்றவருக்கு எது தெரியாது? பதில் "எல்லாம் தெரியும்"னா, இன்னும் ஆளைக் கண்டுபிடிக்கலன்னு அர்த்தம்.

ரெண்டு: அது தெரியாததால யாருக்கு வலிக்கும்? யாருக்கும் வலிக்கலன்னா, அது சும்மா சஸ்பென்ஸ்.

மூணு: இந்தக் கோணத்தால யார் பேசாம போறாங்க? அது எனக்குத் தெரிஞ்சே நடக்குதா?

இந்த வாரப் பயிற்சி. உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு சம்பவத்தை எடுங்க. முந்நூறு வார்த்தை, ஒருத்தர் கோணத்துல. அப்புறம் அதே முந்நூறு வார்த்தை, அங்க இருந்தும் யாரும் கேக்காத ஒருத்தர் கோணத்துல. சம்பவத்தை மாத்தக் கூடாது. எழுதி அனுப்புங்க. சிலதை அடுத்த எபிசோட்ல வாசிக்கலாம்.

சிதம்பரம் நேயரே, மூணாவது தடவை எழுதினதும் எனக்கு அனுப்புங்க, காத்திருக்கேன். அடுத்த வாரம் காலம். கதையில நேத்தும் இன்னைக்கும் எப்படி மாறி மாறி வருதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் படிங்க, எழுதுங்க.